மௌன நாளில் கைதட்டியவன்

"சாமி, மாசிலாமணியை மடத்தை விட்டு அனுப்பிடுங்க," என்றார் சிற்றம்பலம்.

மடத்தின் ஒழுங்கைக் கவனித்துக்கொள்பவர் அவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். எறும்பு வரிசை கலைந்தால்கூட அதட்டுவார். ஆனால் அன்று அவர் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. முந்தின நாள்தான் மடத்து வேலையாள் கன்னியப்பனை அடக்கம் செய்திருந்தார்கள்.

"அவன் என்ன பண்ணினான்?" என்றார் குரு.

"கன்னியப்பன் தலையில புல்லுக்கட்டோட கிணத்துப் பக்கம் போறான். மழையில கைப்பிடிச்சுவர் இடிஞ்சு கிடக்கு. புல்லு கண்ணை மறைக்குது. இவன் பூந்தோட்டத்துல நின்னு பாக்கறான். ஒரு சத்தம் போட்டிருந்தா ஆள் நின்னிருப்பான்."

"போடலையா?"

"கையைத் தட்டினானாம்! அன்னைக்கு அமாவாசை, மௌன நாளு. இவன் கொய்யா மரத்துல கிளி விரட்டறான்னு நினைச்சு, கன்னியப்பன் சிரிச்சுக்கிட்டே போய்க் கிணத்துல விழுந்துட்டானாம்."

குரு மாசிலாமணியை அழைத்தார். வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏம்ப்பா கத்தல?"

"வாயைத் தொறந்தேன் சாமி. சத்தம் வரல. ஏன்னே தெரியல."

"இதுக்கு முன்னாடி மௌன நாள்ல பேசியிருக்கியா?"

"மாட்டுக்கிட்ட பேசினேன். பேச்சுக் குடுக்காம அது பால் விடாது சாமி. அதுக்குத்தான் என்னை வாசல்ல நிறுத்தினாங்க."

மௌன நாளில் பேசியவனை, வாயில் துணி கட்டி, பொழுது சாயும்வரை தெருவாசலில் நிறுத்துவார்கள். சிற்றம்பலம் கொண்டுவந்த வழக்கம் அது. அதற்கு முன்பெல்லாம் வாய் தவறிப் பேசியவன் நாக்கைக் கடித்துக்கொள்வான், அவ்வளவுதான்.

"மாட்டுக்கிட்ட பேசினதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்று சிற்றம்பலத்திடம் கேட்டார் குரு.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா சின்னதை விட்டா நாளைக்குப் பெருசும் வரும். நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன். மடம் அமைதியா இருந்துச்சு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

அதைச் சொல்லும்போது குரு தலை நிமிரவில்லை.

சிற்றம்பலம் விடவில்லை. "உயிர் போற நேரத்துல கத்தினா நான் தண்டிச்சிருப்பேனா சாமி? அந்தப் புத்திகூடவா அவனுக்கு இல்ல?"

குரு பதில் சொல்லுமுன் வாசலில் அழுகுரல் கேட்டது. கன்னியப்பனின் அக்கா. தூரத்து ஊர், அடக்கத்துக்குக்கூட அவளால் வந்து சேர முடியவில்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க," என்றார் குரு.

"என்னன்னு சொல்ல?"

"என்கிட்ட சொன்னதையே சொல்லுங்க."

சிற்றம்பலம் போனார். நடந்ததைச் சொன்னார். இடிந்த சுவர், தலையில் புல்லுக்கட்டு, தோட்டத்தில் நின்று பார்த்தவன், அவன் கை தட்டியது. அவள் மாசிலாமணியைச் சபிப்பாள் என்று நினைத்தார். தானும் சேர்ந்து நாலு வார்த்தை சொல்லத் தயாராக இருந்தார்.

அவள் சபிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள். "அந்தக் கை தட்டினவருக்குப் பேச்சு வராதுங்களா?"

சிற்றம்பலம் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வரும்மா," என்றார். "நான்தான் வரவிடாம பண்ணிட்டேன்."