இலவச பாலிஷ்

தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தணிகாசலம் நினைத்தார். அவர் மனைவி வேறு மாதிரி நினைத்தாள்.

குருவைச் சின்னசாமி என்பார்கள். அவருடைய குரு பெரியசாமி காலமான பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. சைதாப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தார். மடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பாய், ஒரு மண்பானை, பெரியசாமியின் படம். சாயங்காலமானால் ஆட்கள் வருவார்கள். மகன் பேசுவதில்லை என்பார்கள், தூக்கம் வரவில்லை என்பார்கள். சாமி கேட்டுக்கொண்டிருப்பார். பதில் சொன்னாலும் சொல்வார், சொல்லாமலும் இருப்பார்.

தணிகாசலம் வேலை பார்த்தது இதற்கு நேர் எதிரான இடத்தில். வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் வைர நகையும் விற்கிற கடை. கதவைத் திறக்க ஒருவர், மூட ஒருவர். உள்ளே நுழைந்ததும் பாதாம்பால். விலையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. குறை என்று வருகிறவர்களை மட்டும் தணிகாசலத்திடம் அனுப்புவார்கள். அவர் கையைக் கட்டி, தலையை லேசாகச் சாய்த்து, சிரித்துக்கொண்டு நிற்பார். வாடிக்கையாளர் முன்னால் ஊழியர் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். இருபது வருஷமாக அப்படி நின்றதில் முழங்கால் போய்விட்டது, சிரித்ததில் தாடை போய்விட்டது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வாட்ச் பழுதுபார்க்க வந்தாலும், கேட்காமலே அதன் வெளிக்கூட்டுக்குப் பாலிஷ் போட்டு, வெல்வெட் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டித் தருவார்கள். பாலிஷுக்குக் காசு கிடையாது. பெட்டியைத் திறந்தவர்கள், "அட, புதுசு மாதிரி இருக்கே!" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே செய்வது.

பழைய வாட்ச் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ரங்கநாயகி அம்மாள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோடது?" என்றார்.

"உங்களோடதுதாம்மா. முள் ஓடுது பாருங்க. பாலிஷும் போட்டிருக்கோம்" என்றார் தணிகாசலம்.

"இதுல இருந்த கீறல் எல்லாம்?"

"எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா. ஒண்ணுகூட இல்ல."

அந்த அம்மாள் பெட்டியை மூடினார். பிறகு, "முள் ஓடினா போதும்னுதானே சொன்னேன். எனக்குப் பழசைக் குடுங்க" என்றார்.

அவ்வளவுதான். கத்தவில்லை. கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தணிகாசலத்துக்கு லேசாக இருந்திருக்கும். அதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அவர் வந்தார். வாட்ச் பகுதியில் இருக்கிற சோபாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதாம்பாலைத் தொடவில்லை. மதியம் எழுந்து போனார். அதற்கு மறுநாளும் வந்தார். கல்யாணத்துக்கு அட்டிகை எடுக்க வந்த குடும்பங்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

தணிகாசலம் வெள்ளிக் காசு கொடுத்துப் பார்த்தார். செய்கூலியில் தள்ளுபடி என்றார். ரிப்பேர் செலவைத் திருப்பித் தருகிறோம் என்றார். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள், "பழசைக் குடுங்க" என்றார்.

பழுதுபார்க்கும் பிரிவில் ஒருவர் யோசனை சொன்னார். "வேணும்னா நாமளே நாலு கீறல் போட்டுக் குடுத்துடலாம் சார்."

அலுத்துப் போன மனுஷனுக்கு எதுவும் யோசனையாகத்தான் படும். தணிகாசலம் அதையும் போய், கை கட்டி, தலை சாய்த்து, மிகுந்த மரியாதையோடு அந்த அம்மாளிடம் சொன்னார். அவர் தணிகாசலத்தை நிமிர்ந்து பார்த்தார். கை மட்டும் பெட்டியின் மேல் நடுங்கியது. அன்றைக்குச் சீக்கிரமே எழுந்து போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மறுநாள் வந்தார்.

சின்ன முதலாளி தணிகாசலத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இது கடையா, கோயில் மண்டபமா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"பேசிட்டிருக்கேன் சார்."

"நாளைக்கும் வந்தா செக்யூரிட்டிகிட்ட சொல்லி வெளியே கொண்டு விடுங்க. நீங்கதான் பக்கத்துல நின்னு பார்த்துக்கணும். மெதுவா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்."

தணிகாசலம் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் சைதாப்பேட்டைக்குப் போனார். மாடியில் அன்று வேறு யாரும் இல்லை. சாமி பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். இங்கேயே வந்துடறேன். ஒரு மூலையில கிடந்துக்கறேன்."

"என்ன ஆச்சு?"

தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார். வாட்ச், பாலிஷ், சோபா, சின்ன முதலாளி சொன்னது. "நாளைக்கு ஒரு பொம்பளையக் கையைப் பிடிச்சு வெளியே தள்றதை நான் நின்னு பாக்கணும் சாமி. என்னால முடியல."

சாமி பானையை மூடினார். எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, சிரித்தார்.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்" என்றார்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் பண்றீங்க சாமி. ஆனா நான் நெஜமாவே..."

"தங்கள் உணர்வை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். தண்ணீர் சாப்பிடுகிறீர்களா?"

"தண்ணி வேணாம் சாமி. ராத்திரி தூக்கமே இல்ல. அந்தம்மா பார்த்த பார்வை..."

"தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். வாழைப்பழம் இருக்கிறது. எங்கள் அன்பளிப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும்."

"சாமி!"

"இரண்டாகவும் எடுத்துக்கொள்ளலாம்."

"நான் இங்க உசுரைக் குடுத்துப் பேசிட்டிருக்கேன், நீங்க விளையாடறீங்களா? பழத்தை யார் கேட்டா உங்களை?"

கத்தியே விட்டார். கீழே ஜெராக்ஸ் மெஷின் சத்தம்கூட ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது. சாமி அதே சிரிப்போடு, அதே தலைச் சாய்ப்போடு நின்றார். தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபோதுதான் தன் கை நடுங்குவதைப் பார்த்தார்.

அந்த நடுக்கத்தை அவர் அந்த அம்மாளின் கையில், பெட்டியின் மேல் பார்த்திருக்கிறார். திரும்ப மேலே ஏறினார்.

சாமி பாயில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"இதை எங்க சாமி கத்துக்கிட்டீங்க?"

"உங்ககிட்டதான். இங்க வர்றவங்களுக்கு நீங்க தண்ணி குடுக்கறப்பகூட இப்படித்தானே நிக்கறீங்க."

தணிகாசலம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அந்தம்மாகிட்ட என்ன கேட்டீங்க?" என்றார் சாமி.

"என்ன வேணும்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"வேற என்ன வேணும்னு கேட்டேன்."

"அந்தக் கீறல் எப்படி விழுந்துச்சாம்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். மூடினார்.

"தெரியாது சாமி."

சாமி எழுந்தார். விளக்கேற்றப் போய்விட்டார்.

மறுநாள் ரங்கநாயகி அம்மாள் வந்து சோபாவில் உட்கார்ந்தார். செக்யூரிட்டி பக்கத்தில் வந்து நின்று தணிகாசலத்தின் தலையசைப்புக்காகக் காத்திருந்தார். அவரும் பாவம், ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். கண்ணைத் தரையில் வைத்திருந்தார்.

"நீங்க வாசலுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் தணிகாசலம்.

பிறகு அந்தக் கடையில் இருபது வருஷமாக யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். சோபாவில் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது. நகைப் பகுதியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தக் கீறல் எப்படிம்மா விழுந்தது?"

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். இந்தக் கேள்விக்குப் பின்னாலும் ஒரு வெள்ளிக் காசு வருமோ என்று பார்த்தாரோ என்னவோ.

"எங்க வீட்டுக்காரருக்கு வாதம் வந்துடுச்சு. வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. இந்த வாட்சைக் கழட்ட விடமாட்டார். இடது கையில கட்டினது கட்டினபடியே இருக்கும்" என்றார்.

"ம்."

"என் பேரு நீளமான பேரு. அவர் வாயில வரல. முயற்சி பண்ணுவார், கண்ணுல தண்ணிதான் வரும். அப்புறம் கட்டில் கம்பியில வாட்சைத் தட்ட ஆரம்பிச்சார். நான் சமையலறையில இருப்பேன். தண்ணி வேணும்னா ரெண்டு தட்டு. சும்மா வந்து பக்கத்துல உட்காருன்னா விடாம தட்டிட்டே இருப்பார்."

"எவ்வளவு நாள்?"

"போற வரைக்கும்." அவர் பெட்டியைத் திறந்தார். வாட்ச் பளபளவென்று இருந்தது. "நீங்க அதைக் கீறல்னு சொல்றீங்க. அது அவர் என்னைக் கூப்பிட்டது சார். அதைத்தான் தேய்ச்சு எடுத்துட்டீங்க."

வருந்துகிறோம் என்ற வார்த்தை தணிகாசலத்தின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார்.

"சும்மா வந்து உட்காருன்னு தட்டினா, போவீங்களாம்மா?"

"அடுப்புல ஏதாவது இருக்கும். 'இதோ வரேன்'னு அங்கேருந்தே சொல்லுவேன்." அந்த அம்மாளின் குரல் முதன்முதலாக உடைந்தது. "சொல்லிட்டுப் போகமாட்டேன் சார். பல நாள் போகமாட்டேன்."

அழுதார். தணிகாசலம் டிஷ்யூ பெட்டியை நீட்டவில்லை. அவருக்கும் அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. பிறகு அந்த அம்மாள் வாட்சை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பெட்டி வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு வரவில்லை.

சின்ன முதலாளி தணிகாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன குடுத்து முடிச்சீங்க?"

"ஒண்ணும் குடுக்கல சார்."

"ஒண்ணும் குடுக்கலையா? பிரமாதம்! இனிமே வர்ற எல்லாக் குறையையும் இப்படியே முடிங்க. சோபாவுல உட்கார்ந்துகூடச் செய்யுங்க, பரவாயில்ல."

பிறகு தணிகாசலத்துக்கு ஓய்வே இல்லை. தோடு ஒன்று தொலைந்தது என்று சண்டை போட வந்த பெண்ணிடம், எங்கே தொலைந்தது என்று கேட்டார். அவள் ஆஸ்பத்திரி என்றாள், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். மோதிரத்தைத் திருப்பித் தர வந்தவர் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொன்னார். சில பேர் வெறுமனே கத்திவிட்டும் போனார்கள். எல்லாக் குறைக்கும் பின்னால் கதை இருப்பதில்லை, சிலருக்கு நிஜமாகவே செய்கூலிதான் பிரச்சினை. ஆனால் கேட்பதற்கு முன்னால் எது எது என்று தெரிவதில்லை.

ஒரு சாயங்காலம் தணிகாசலம் மாடியேறினார். கூட்டம் அப்போதுதான் கலைந்து இறங்கிக்கொண்டிருந்தது. படியில் ஒதுங்கி வழிவிட்டு நின்று, கடைசி ஆள் போன பிறகு உள்ளே போனார். சாமி பாயில் படுத்திருந்தார். கை கண்ணை மூடியிருந்தது.

"சாமி."

"வாங்க."

"முந்தியெல்லாம் தாடை வலிக்கும். வீட்டுக்குப் போனா மறந்துடும். இப்ப மறக்க மாட்டேங்குது சாமி."

"ம்."

"சாப்பிடறப்ப தட்டுல ஸ்பூன் பட்டாக்கூட நிமிர்ந்து பாக்கறேன். யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு. என் வீட்டுக்காரி பயப்படறா."

சாமி கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க காட்டினதைத்தான் செஞ்சேன். அந்தம்மாவுக்கு நல்லதாப் போச்சோ என்னவோ, எனக்குத் தெரியல. ஆனா இந்த அலுப்பு முந்தின அலுப்பைவிடப் பெருசா இருக்கு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இது எப்ப சரியாகும்?"

சாமி கண்ணிலிருந்து கையை எடுத்தார். கீழே ஜெராக்ஸ் கடையின் ஷட்டரை இறக்கினார்கள். தணிகாசலம் சாமியைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்த மனுஷனுக்குத் தன்னைவிடப் பதினைந்து இருபது வயது குறைவு என்பது நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா சாமி?"

"அலுக்கும்."

"இப்பவும்?"

"இப்பவும்தான்."

தணிகாசலத்துக்கு வெட்கமாகிவிட்டது. வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அப்ப நான் நாளைக்கு வரட்டுமா?"

சாமி எழுந்து உட்கார்ந்தார். பாயில் பாதியை ஒதுக்கினார்.

"நாளைக்கும் அலுப்பாத்தான் இருக்கும். உட்காருங்க. அந்தம்மா சொன்னதை முதல்லேருந்து சொல்லுங்க."