ராட்டினத்துக்கு முன்னால் ஒரு பொம்மை

இது நான் பார்த்ததல்ல, கேட்டது. அந்தக் கண்காட்சிக்கு விளக்குப் போட்டவர் சொன்னார். அவர் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் எனக்குத் தெரியாது.

"பொம்மையைக் கட்டினது யாரு டீச்சர்?"

கதிரேசன் கேட்டார். நின்று கேட்கக்கூடத் தெம்பில்லாமல், கண்காட்சி நடந்த கிடங்கின் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

தமயந்தி டீச்சர் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தன் மாணவரான கதிரேசனைவிட வயதில் இளையவர். பழைய இரும்பில் சிற்பம் செய்பவர். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

"எந்தப் பொம்மை?"

"வாசல்ல தொங்குதே, திருஷ்டிப் பொம்மை."

வைக்கோல் உடம்பு. கிழிந்த பேன்ட். முறுக்கு மீசை. வயிறு வரை நாக்கு. வீடு கட்டி முடிகிற வரைக்கும் வாசலில் தொங்கவிடுவார்களே, அதே பொம்மை.

உள்ளே இருந்தது கதிரேசனின் ராட்டினம். குதிரைகளுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக் கட்டில்கள். மேலே கலர் பல்புகள், நடுவில் பாட்டு. ஸ்விட்சைத் தட்டினால் கட்டில்கள் ஏறி இறங்கிச் சுற்றும்.

மனைவியை வார்டிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்த நாளுக்குப் பிறகு, அவர் செய்த ஒரே வேலை அது. இன்னொன்று செய்ய உடம்பும் ஒத்துழைக்காது, மனசும் ஒத்துழைக்காது. இதை யாராவது நின்று பார்த்தால் போதும் என்றிருந்தார்.

யாரும் பார்க்கவில்லை.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பொம்மையின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராட்டினத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பொம்மையிடமே வந்தார்கள்.

"பத்திரிகைக்காரர் ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். 'அந்த நாக்கு சார்! என்ன துணிச்சல்!'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேங்க்ஸ்னேன்."

டீச்சருக்குப் புரையேறியது.

"சிரிக்காதீங்க டீச்சர். நாளைக்குப் பேப்பர்ல அது படமும் என் பேரும் வரும். என் பொண்ணு அதைப் பார்ப்பா. 'அம்மாவுக்குச் செய்யறேன்னீங்களே, இதுதானாப்பா?'ன்னு கேப்பா. எவன் கட்டினான்னு மட்டும் சொல்லுங்க."

"நான்தான்."

கதிரேசன் திரும்பிப் பார்த்தார்.

"காலையில பாரிமுனைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். பேன்ட் மட்டும் எங்க வீட்டுக்காரரோடது."

"ஏன் டீச்சர்?"

"எதுக்குக் கட்டுவாங்க? வர்றவன் கண்ணு முதல்ல அது மேல விழட்டும்னுதான்."

"கண்ணு விழணும்னுதானே நான் கண்காட்சியே வெச்சேன்?"

டீச்சர் வடையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதிரேசனும் எழுந்து போனார். டீச்சர் ஸ்விட்சைத் தட்டினார். பாட்டு ஆரம்பித்தது. கட்டில்கள் சுற்றின.

"ஏறுங்க."

"எதுக்கு?"

"ராட்டினம்னா ஏறத்தானே? செஞ்சவர் ஒரு தரமாவது ஏறிப் பாத்தீங்களா?"

"பாரம் தாங்குதான்னு சோதிச்சேன். மணல் மூட்டை வெச்சு."

"மூட்டை இருக்கட்டும். நீங்க?"

ஒரு கட்டில் அவர் முன்னால் தாழ்ந்து வந்தது. விட்டுவிட்டார். அடுத்தது வந்தது. அதையும் விட்டார். மூன்றாவது வந்தபோது கையை நீட்டினார். தலைமாட்டுக் கம்பிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது. கட்டில் மேலேறிப் போய்விட்டது. கை மட்டும் அங்கேயே இருந்தது.

"முடியல டீச்சர்."

"சரி."

டீச்சர் ஸ்விட்சை அணைத்தார். கதிரேசன் வாசல் பக்கம் பார்த்தார்.

"பொம்மையையாவது இறக்கிடட்டுமா?"

"வீடு முடிஞ்சா இறக்குங்க."

கதிரேசன் வாசலுக்குப் போனார். கயிற்றில் கை வைத்தார். பிறகு, காற்றில் அவிழாமல் இருக்க இன்னொரு முடிச்சுப் போட்டார்.

விளக்குப் போட்டவர் சொன்னது இவ்வளவுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. டீச்சரையே கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. வாசலில் வைக்கோல் பிதுங்கிய பொம்மை ஒன்று தொங்கியது.

இந்த வீடு எப்போது கட்டி முடிந்தது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் விசாரித்தேன்.

"இதுவா? தமயந்தி பாவாடை சட்டை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனப்பவே முடிஞ்சுதே" என்றார்.