கெண்டிக்குள் சில துளைகள்

சீனத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் சூ யிங் என்ற அம்மையார் இருந்தார். தேநீர் போடும் பழைய மண் கெண்டிகளைப் பார்த்து, எந்தக் காலத்தது, யார் செய்தது, அசலா போலியா என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவரிடம் பாங் என்பவர் சீடராகச் சேர்ந்தார். ஜவுளிக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர், தலை முழுக்க நரை. ஆனால் எதைப் பார்த்தாலும் கேள்வி. மண் ஏன் இந்த இடத்தில் மட்டும் கருத்திருக்கிறது? மூடி ஏன் லேசாக ஆடுகிறது? குருவுக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்தக் கேள்விகளால்தான்.

பிடிக்காததும் ஒன்று இருந்தது.

ஒரு கெண்டியை நீட்டி, "என்ன சொல்கிறீர்கள்?" என்று குரு கேட்பார்.

"அசல்தான் அம்மா."

"யார் சொன்னது?"

"தலைநகரத்துப் பெரியவர்கள் இந்த முத்திரையை அசல் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்."

குரு கெண்டியை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். அன்றைய பாடம் அவ்வளவுதான். சரியாகத்தானே சொன்னோம், ஏன் இந்த அம்மாளின் முகம் மலர மாட்டேன் என்கிறது என்று பாங் மண்டையைக் குடைந்துகொள்வார்.

குரு தினமும் தேநீர் போடுவது ஒரே கெண்டியில். உள்ளங்கையில் அடங்கிவிடும், செம்பழுப்பு நிறம். அவருடைய குரு கடைசி நாள்வரை அதில்தான் தேநீர் குடித்தாராம். அடியில் கோ ஷான் என்ற முத்திரை. இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த பெரிய கெண்டிக் கலைஞர் அவர். கெண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் கெண்டி கைக்கு வந்ததும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். இந்த வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படியே. கவிழ்த்து, பெயரைப் படித்து, வாயைப் பிளப்பார்கள். குரு ஆமென்றும் சொல்ல மாட்டார், இல்லையென்றும் சொல்ல மாட்டார். பாங்கும் வந்த புதிதில் வாயைப் பிளந்தவர்தான்.

ஊறிய இலையைக் கொட்டி, கெண்டியை வெந்நீரில் அலசுவதைக் குருவே செய்வார். ஒரு நாள் அவர் கையில் கொதிநீர் பட்டுவிட்டது. அந்த வேலை பாங்கிடம் வந்தது.

பாங் இலையைக் கொட்டினார். சன்னல் வெளிச்சம் கெண்டிக்குள் விழுந்தது. மூக்கு தொடங்கும் இடத்தில், உள்பக்கம், சின்னச் சின்னதாக ஏழெட்டுத் துளைகள்.

அவருக்குப் பகீரென்றது. கோ ஷான் காலத்துக் கெண்டிகளில் அந்த இடத்தில் ஒரே துளைதான் இருக்கும். பல துளை போடும் வழக்கம் வெகு காலம் கழித்து வந்தது. இதைக் கற்றுக்கொடுத்ததே குருதான்.

பாங் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். குருவுக்கு இது தெரியுமா? தெரியாதென்றால் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருந்துவிட்டார்.

அந்த வாரமே லியூ என்ற செல்வந்தர் வந்தார். தன் மாளிகையில் கெண்டிகளுக்கென்றே ஒரு கூடம் கட்டியிருப்பவர். கெண்டியைக் கவிழ்த்தார், படித்தார், வாயைப் பிளந்தார்.

"இது என் கூடத்தின் நடுவில் இருக்க வேண்டிய பொருள். அசல் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

"நான் குடிக்கிற கெண்டியைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது," என்றார் குரு. "என் சீடர் சொல்லட்டும்."

பாங் கெண்டியைக் கையில் வாங்கினார். அசல் என்றால் கற்ற வித்தைக்குத் துரோகம். போலி என்றால் குருவைப் பார்த்து ஊர் சிரிக்கும், அப்புறம் இந்த வாசலை மிதிக்க முடியாது. அவருக்குப் போக வேறு இடம் இருந்தது. வேறு ஆசைதான் இல்லை.

"போலி," என்றார்.

"யார் சொன்னது?" என்று குரு கேட்டார்.

பாங் தலைநகரத்துப் பெரியவர்களை மனதுக்குள் தேடிப் பார்த்தார். அவர்களில் ஒருவர்கூட இந்தக் கெண்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

"நான் சொல்கிறேன் அம்மா." மூடியைத் திறந்து துளைகளைக் காட்டினார்.

லியூவின் முகம் சிறுத்துவிட்டது. எதிரே ஊற்றி வைத்திருந்த தேநீரைத் தொடாமலே கிளம்பிவிட்டார். நல்ல தேநீர், அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பாங்கும் எழுந்தார். துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

"வந்தவர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன் அம்மா. இனி இங்கே எப்படி இருப்பேன்?"

"உட்காருங்கள். தேநீர் ஆறுகிறது."

பாங் உட்கார்ந்தார். இரண்டு வாய் குடித்த பிறகுதான் கேட்கத் தைரியம் வந்தது. "உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாமல் என்ன? செய்ததே நான்தானே."

பாங் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கெண்டியைப் பார்த்தார்.

"சின்ன வயதில் செய்தது," என்றார் குரு. "என் குருவையே ஏமாற்றிவிடலாம் என்று கொண்டுபோனேன்."

பாங்குக்குப் பயம் விட்டுப்போயிற்று. பழைய ஆர்வம் வந்துவிட்டது. "அப்படியானால் ஒரே துளை அல்லவா வைத்திருக்க வேண்டும்? அது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். ஒரே துளை என்றால் இலை போய் அடைத்துக்கொள்ளும். தேநீர் சொட்டுச் சொட்டாக வரும். அப்படி ஒரு கெண்டி செய்ய எனக்கு மனசு வரவில்லை."

"அவர் கண்டுபிடித்துவிட்டாரா?"

"அவர் கவிழ்த்தே பார்க்கவில்லை. இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். நிதானமாகக் குடித்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அப்புறம்தான் அடியில் இருந்த பெயரைப் படித்தார்."

"என்ன சொன்னார்?"

குரு கெண்டியைத் துணியால் துடைத்து பாங்கின் முன்னால் வைத்தார்.

"'தேநீர் அருமை. உன் பெயரை ஏன் போடவில்லை?' என்று கேட்டார்."