நூற்றுக்கு எழுபத்தெட்டு

மீனின் வயது மீனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லாது. அதனால் தூத்துக்குடியில் கடலைப் பார்த்த ஓர் ஆய்வகத்தில், மீனுக்கு வயது சொல்வதற்கென்றே இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் டாக்டர் பெர்னதத் கொரைரா, வயது முப்பத்தொன்பது. மற்றவர் சந்தியாகு, வயது ஐம்பத்தைந்து. இளையவர் குரு, மூத்தவர் சீடர்.

சந்தியாகு இருபத்தாறு வருடம் மீன்பிடித் துறைமுகத்து ஏலக் கூடத்தில் நின்று, வந்து விழும் மீனையெல்லாம் நீளம் அளந்து எழுதிக்கொண்டிருந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு மாற்றல் கேட்டு ஆய்வகத்துக்கு வந்தார். வந்த இடத்தில் தன்னைவிடப் பதினாறு வயது இளைய பெண் தொழில் சொல்லிக்கொடுத்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆசிரியர் தினம் வந்தால் மறக்காமல் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிவந்து பெர்னதத்தின் மேசையில் வைப்பார். பாதியை அவரே தின்றுவிடுவார் என்பது வேறு விஷயம்.

தொழில் இதுதான். மீனின் தலைக்குள், காதுப் பக்கம், ஒரு சின்னக் கல் இருக்கிறது. மீன் வளர வளரக் கல்லும் வளரும். அந்தக் கல்லை மெல்லிய தகடாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தை அறுத்தால் தெரிவது போல வளையங்கள் தெரியும். வருடத்துக்கு ஒரு வளையம். எண்ணவேண்டியதுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் ஓரத்தில் தெரிவது வளையமா, வெறும் நிழலா என்ற இடத்தில் எப்பேர்ப்பட்ட ஆளும் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடிப்பார்.

விளமீன் என்ற மீனை இலங்கை, மாலத்தீவு, ஓமான், இந்தியா என்று நாலு நாட்டுக்காரர்களும் பிடிக்கிறார்கள். நாலு நாடுகளும் அதன் வயதைத் தனித்தனியாக எண்ணி, இவ்வளவு பிடிக்கலாம் என்று தனித்தனியாக முடிவு செய்துவந்தன. ஒரே குடத்துத் தண்ணீரை நாலு பேர் நாலு படியால் அளந்த கதை. எல்லோரும் சேர்ந்து ஒரே வயது அட்டவணை போட்டுவிடுவோம் என்று மூன்று வருடம் முன்பு நாலு ஆய்வகங்களும் கைகுலுக்கிக்கொண்டன.

அதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். விளமீன் கற்கள் நூறு அடங்கிய ஒரு பெட்டி ஊர் ஊராகப் போகும். ஒவ்வோர் ஊரிலும் ஒருவர், மற்றவர்கள் எண்ணியது தெரியாமல் எண்ணி அனுப்பவேண்டும். எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு எண்பது கல்லில் ஒத்துப்போனால் கூட்டு அட்டவணை உண்டு.

பெட்டி மஸ்கட் போனது, மாலே போனது, கொழும்பு போனது. மேலே ‘கற்கள், நூறு’ என்று எழுதியிருந்த பாவத்துக்கு, வழியில் ஒரு விமான நிலையத்தில் பதினோரு நாள் நிறுத்திவைத்து இரத்தினமா என்று பார்த்தார்கள். கடைசியாக மார்ச் மாதம் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. சந்தியாகு எண்ணினார்.

ஜூலையில் முடிவு வந்தது. மஸ்கட்டோடும் மாலேயோடும் சந்தியாகு நன்றாகவே ஒத்துப்போயிருந்தார். கொழும்போடு மட்டும் எழுபத்தெட்டு. இரண்டே இரண்டு கல் குறைந்தது.

கொழும்பில் எண்ணியவர் ஹேமமாலி குணதிலக. சந்தியாகு அவரைப் பார்த்ததில்லை, பேசியதில்லை. ஒத்துவராத இருபத்திரண்டு கல்லிலும் அந்த அம்மா ஒரு வயது கூடச் சொல்லியிருந்தார். வயது கூடினால் மீன் மெதுவாக வளர்கிறது என்று பொருள். மெதுவாக வளரும் மீனைக் குறைவாகத்தான் பிடிக்கலாம். சந்தியாகுவின் தம்பிகள் இரண்டு பேர் இன்னமும் விளமீன் தூண்டிலுக்குப் போகிறவர்கள். முன்பின் தெரியாத யாரோ கடலுக்கு அப்பால் உட்கார்ந்து தன் தம்பிகளின் சோற்றில் கைவைப்பதாக அவருக்குப் பட்டது. கோபம் வந்துவிட்டது.

எண்பதைத் தொடாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. இருவரும் பேசி, ஒத்துவராத கற்களைச் சேர்ந்து மறுபடி பார்க்கலாம். அல்லது ஒருவர் மற்றவர்மேல் ஆட்சேபம் எழுதலாம். ஆட்சேபம் போனால் அந்த மற்றவரின் ஆய்வகம் விலகவேண்டிவரும். கொழும்பு விலகினால் கூட்டு அட்டவணையும் இல்லை, ஏனென்றால் இந்தப் பக்கத்து விளமீனில் பாதி அவர்கள் கடலில்தான் இருக்கிறது. எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

சந்தியாகு திங்கட்கிழமை காலையிலேயே ஆட்சேபக் கடிதத்தோடு வந்து நின்றார். இரண்டு பக்கம். ‘பணிவான’ என்ற சொல் முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருந்தது. நடுவில் மருந்துக்கும் பணிவு இல்லை. குருவின் கையெழுத்து இல்லாமல் அது போகாது.

“மேடம், ஒரே கல்லைப் பாத்து ரெண்டு பேரு ரெண்டு வயசு சொல்லுதோம். அப்ப ஒருத்தர் தப்புதானே?”

“தப்பாத்தான் இருக்கணும்.”

“அது யாருன்னு எப்பிடிக் கண்டுபிடிக்க?”

பெர்னதத் கடிதத்தைப் படித்தார். மூன்று வருட வேலை இந்த இரண்டு பக்கத்தோடு முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாதாடவில்லை. சந்தியாகுவோடு வாதாடி ஜெயித்தவர்கள் துறைமுகத்திலேயே கிடையாது. கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டோடு திரும்பி வந்தார். தட்டில் ஐம்பது கண்ணாடித் துண்டுகள், ஐம்பதிலும் புத்தம்புது எண்கள்.

“இந்த அம்பதையும் எண்ணிக் குடுங்க அண்ணாச்சி. கையெழுத்தைப் பத்தி வியாழக்கிழமை பேசுவோம்.”

மஸ்கட்டிலிருந்து புதுக் கற்கள் வந்திருக்கின்றன என்று சந்தியாகு நினைத்துக்கொண்டார். அவர் கேட்கவில்லை. பெர்னதத்தும் சொல்லவில்லை.

மூன்று நாள் எண்ணினார். தான் யாரென்று கொழும்புக்குக் காட்டும் வேகத்தில் எண்ணினார். பதினோரு மணி டீயை மறந்தார். ஒவ்வொரு கல்லையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வயதை எழுதினார். பென்சிலால் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. அழிக்கவேண்டி வரும் என்று நினைக்கிறவன்தான் பென்சில் தேடுவான் என்பது அவர் கட்சி.

வியாழக்கிழமை காலையில் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். பெர்னதத் அதை வாங்கவில்லை. இன்னொரு பட்டியலை எடுத்து அவரிடமே கொடுத்தார். தட்டச்சு செய்த தாள். மேலே பெயர் இருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

“இதே அம்பது கல்லையும் இன்னொருத்தர் எண்ணினது. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

சந்தியாகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒத்துவராத இடத்திலெல்லாம் சுழித்தார். சுழிக்கச் சுழிக்க அவருக்கு உற்சாகம் ஏறியது. பதினோரு கல்லில் அந்த ஆள் சறுக்கியிருந்தான். சிலவற்றில் ஒரு வயது கூட, சிலவற்றில் ஒரு வயது குறைய. கொழும்பு அம்மாவாவது தவறினால் எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுகிறார், இந்த ஆளுக்கு அந்த ஒழுங்கும் கிடையாது, மனம்போன போக்கில் எண்ணியிருக்கிறான் என்று விளக்கம் வேறு சொன்னார். முதலில் இவனைக் கண் டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்றார்.

“அம்பதுக்கு முப்பத்தொம்பது மேடம். நூத்துக்கு எழுபத்தெட்டு. கொழும்பு அம்மாவுக்குக் கூடப்பொறந்தவரு போல.”

“என்ன செய்யலாம்?”

“இவரையும் கடிதத்துல சேத்துருவோம். கொழும்புக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?”

நியாயமான பேச்சு என்று பெர்னதத் ஒத்துக்கொண்டார். இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சந்தியாகு தன் கையாலேயே அடியில் ஒரு வரி சேர்த்தார். கீழ்க்கண்ட நபரும் வளையம் எண்ணும் தகுதி உடையவரல்லர் என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டார்.

“பேரு என்ன மேடம்?”

“துண்டை உரிச்சுப் பாத்து எழுதிக்கிடுங்க.”

உரித்தார். எஸ். சந்தியாகு, தூத்துக்குடி, மார்ச் என்று இருந்தது.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். பெர்னதத் மார்ச்சில் ஊர் சுற்றி வந்த பெட்டியைத் திறந்து காட்டினார். நூறு கற்கள் இருக்கவேண்டிய பெட்டியில் ஐம்பதுதான் இருந்தன. மீதி ஐம்பதும் மூன்று நாளாகத் தட்டில் இருந்தவைதான்.

சந்தியாகுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறாரோ என்று பெர்னதத் ஒரு கணம் பயந்தே போனார். பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, சத்தம் வராமல், வெகுநேரம் சிரித்தார்.

“கையெழுத்து வேண்டாம் மேடம்” என்று கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது அங்கேயே இருந்து சட்டையோடு சேர்ந்து துவைபட்டுப் போனதாகப் பின்னால் கேள்வி.

எழுந்து வாசல்வரை போனவர் நின்றார்.

“அப்ப எது மேடம் சரி? மார்ச்சுல எண்ணினதா, இப்ப எண்ணினதா?”

“எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி? நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க. கொழும்பு அப்புறம்.”

அன்று மத்தியானம் முழுவதும், வெள்ளிக்கிழமை காலையிலும், சந்தியாகு அந்தப் பதினோரு கல்லோடு மல்லுக்கட்டினார். நுண்ணோக்கியின் இடது பக்கம் மார்ச் மாதத்துப் பட்டியல், வலது பக்கம் ஜூலை மாதத்துப் பட்டியல். பல கற்களில் வம்பு ஓரத்து வளையத்தில்தான் இருந்தது. மார்ச்சில் அதை வளையமாக எண்ணியவர், ஜூலையில் நிழல் என்று தள்ளியிருந்தார். வேறு சிலவற்றில் நேர்மாறாக. ஒரு கல்லில் மார்ச்சுக்காரர் சொன்னதே சரி என்று மனதாரத் தோன்றியபோது, தோற்றது தானா ஜெயித்தது தானா என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். பென்சில் ஒன்று வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. முகம் என்னவோ தெளிவாக இருந்தது.

“ஏழு கல்லுல ஒத்துப்போயிட்டோம் மேடம். நாலுல முடியலை. மார்ச்சுக்காரரு பிடிச்ச பிடியில நிக்காரு. எனக்கும் விட்டுக்குடுக்க மனசில்லை. நடுவுல ஒரு ஆளு வேணும். நீங்க பாத்துச் சொல்லுதியளா?”

“நான் ஆகாது. எண்ணச் சொல்லிக்குடுத்ததே நாந்தானே? நான் பாத்தாலும் உங்க கண்ணாலதான் பாப்பேன்.”

“அப்ப நம்ம கைப்பழக்கம் படாத ஆளுல்லா வேணும்? அப்பிடி யாரு மேடம் இருக்கா?”

பெர்னதத் தொலைபேசியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“கொழும்புல ஒருத்தர் இருக்காவ அண்ணாச்சி. இந்த நாலு கல்லையும் ஏற்கெனவே எண்ணி வச்சிருக்காவ.”