புலியைக் கட்டிய ஆட்டுக்குட்டி

ஒரு காட்டில் ஆடுகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் கணக்குப் பரீட்சை என்றாலே முட்டை வாங்கும் ஒரு குட்டியும் இருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். அது வாங்கிய முட்டைகளால் தாய் செவலைக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. மேய்ச்சலுக்குப் போனால் மற்ற ஆடுகள் தழையை மென்றபடியே தங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்களைச் சொல்லும். செவலை மட்டும் இல்லாத தும்மலை வரவழைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சுட்டி ஒன்றும் மக்கு இல்லை, பிள்ளைகளே. மரத்தின் மேல் காவலிருக்கும் மந்தி, ஆபத்து என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அடுத்த நொடி சுட்டி பாறை உச்சியில் நிற்கும். ஓட்டத்தில் அதை மிஞ்ச அந்த மந்தையிலேயே ஆள் கிடையாது. ஆனால் ஓட்டத்துக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்?

அப்போதுதான் நரி வந்து சேர்ந்தது. அதன் வாயில் ஒரு டேப்லெட் இருந்தது. தொட்டால் ஒளிரும், வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும். உள்ளே இருந்தது ஒரே ஒரு விளையாட்டு: ஆடுபுலி ஆட்டம்.

படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று செவலை சிடுசிடுத்தது. நரி பொறுமையாகச் சிரித்தது.

"விளையாட்டே பாடம்தான், அக்கா. பதினஞ்சு ஆட்டுல நாலு வெட்டுப்பட்டா மீதி எத்தனைன்னு கேட்கும். அது கழித்தல். கோட்டைப் பிடிச்சுப் போனா வடிவியல். ஓடை எந்தத் திசை, குன்று எந்தத் திசைன்னு காட்டும், அது புவியியல். பிள்ளைக்குத் தெரியாமலே எல்லாம் மண்டையில ஏறிடும்."

"இதுக்குப் பதிலா நீ என்ன கேட்கப்போறே?"

"எனக்கென்னக்கா வேணும்? பிள்ளைங்க முன்னுக்கு வந்தா போதும்."

நரி சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை. ஒரே மாதத்தில் சுட்டிக்குக் கழித்தல் வந்தது, அப்புறம் வகுத்தல் வந்தது, கோணங்களும் வந்தன. புலி ஒரு ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்ட, அதற்குப் பின்னால் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். சுற்றியுள்ள இடங்களையெல்லாம் ஆடுகள் அடைத்து நின்றால் புலி நகர முடியாது. அதற்குக் 'கட்டு' என்று பெயர். சுட்டி நாளுக்கு இருபது புலிகளைக் கட்டியது. அரைப் பரீட்சையில் கணக்கில் நூறு வாங்கியது. கிடா வாத்தியார் அதைப் பள்ளி முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டினார். செவலை அன்று மேய்ச்சலில் ஒரு வாய் தழைகூடத் தின்னவில்லை, மகளின் மதிப்பெண்ணைச் சொல்லிக்கொண்டே திரிந்தது.

மந்தி ஒருநாள் செவலையைக் கூப்பிட்டது. "நேத்து செந்நாய் வந்துச்சு. நான் குரல் கொடுத்தேன். உன் மக திரும்பிக்கூடப் பார்க்கலை. நல்ல காலம், செந்நாய் வேற பக்கம் போயிடுச்சு."

"ஆட்டத்துல இருந்திருப்பா. அவளுக்குக் கவனம் அப்படி" என்றது செவலை. மரத்தில் தொங்குகிறவர்களுக்குப் படிப்பின் அருமை எங்கே தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனது.

மறுவாரம் புல்வெளிக்கு ஒரு புலி வந்தது. கிழட்டுப் புலி. பின்னங்கால் ஊனம். மான் பிடித்து வருடக்கணக்காகிறது. ஓடையில் நண்டு பொறுக்கித்தான் வயிறு வளர்த்தது. ஓடுகிற எதையும் அதனால் பிடிக்க முடியாது. நொண்டி நொண்டி வந்து புல்வெளியின் நடுவில், புதர்கள் சூழ்ந்த ஓர் இடத்தில் உட்கார்ந்தது.

மந்தி தொண்டை கிழியக் கத்தியது. மந்தை சிதறிப் பாறைக்கு ஓடியது. செவலையும் ஓடிற்று. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் சுட்டியைக் காணோம்.

சுட்டி கீழேயே நின்று, கூடப் படிக்கும் மூன்று குட்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தது. நீ வடக்கே நில், நீ ஓடைப் பக்கம் நில் என்று பிசகில்லாமல் திசை சொன்னது. நான்கும் போய்ப் புலியைச் சுற்றி நான்கு பக்கமும் நின்றன.

"ஓடிடுடி, சுட்டி!" என்று செவலை அலறியது.

"ஓடினா இடம் காலியாயிடும்மா. அப்புறம் வெட்டு விழும். பாரு, நாலு பக்கமும் அடைச்சாச்சு, எங்க பின்னால எல்லாம் புதர், காலி இடமே இல்லை."

செவலை பாதிப் பாறை இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. மகள் இத்தனை தெளிவாக, இத்தனை பிழையில்லாமல் பேசி அது கேட்டதே இல்லை.

புலி அவசரப்படவில்லை. சுட்டியைப் பார்த்து அன்பாகவே கேட்டது. "பாப்பா, இப்போ யார் முறை?"

"உங்க முறைதான். ஆனா உங்களால நகர முடியாதே."

"நகரவே வேண்டாம்மா" என்ற புலி, இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டியது.

மற்ற மூன்று குட்டிகளும் அப்போதுதான் ஓடின. புதருக்குள் காத்திருந்த நரி மிச்ச எலும்புக்காக மெல்ல வெளியே வந்தது. தின்று முடித்ததும், கீழே கிடந்த டேப்லெட்டைப் புல்லில் துடைத்து எடுத்துக்கொண்டு மான்கள் இருக்கும் பக்கம் நடந்தது.

செவலைக்கு அழக்கூட நேரமில்லை. குறுக்கு வழியில் ஓடி மான்களிடம் முந்திப் போய்ச் சேர்ந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னது. கேட்ட தாய்மான்கள் கண்ணீர் விட்டன. அவற்றில் ஒரு மான், தன் குட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டது.

"தப்பா நினைச்சுக்காதீங்க, அக்கா. உங்க பொண்ணு கடைசியா கணக்குல எவ்வளவு வாங்கினா?"

செவலைக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நூறு" என்றது.

அன்று மாலை நரியின் முன்னால் மான்கள் வரிசையில் நின்றன.

நீதி: ஒரு பொருள் பிள்ளைக்கு எதைக் கற்றுத்தருகிறது என்று மட்டும் கேட்காதே, எதை மறக்கச் செய்கிறது என்றும் கேள்.