வீராயி புருஷன் பேர்

எங்கள் மடத்தில் யாரையும் பேர் கேட்கிற வழக்கமே கிடையாது. பசி என்று வந்தால் உட்காரச் சொல்வோம், கஞ்சி ஊற்றுவோம், குடித்துவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே கஞ்சி காய்ச்சுகிறவன் நான், அதனால் அடித்துச் சொல்கிறேன். அந்த வழக்கம் ஒரே ஒரு தடவை, மூன்றே மூன்று நாள் மாறியது. பூவலிங்கம் அய்யா வந்தபோது.

அவருக்கு வயசு அறுபத்தேழு. பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மடத்து அம்மாவுக்கு நாற்பத்திரண்டுதான். மகள் வயசுக்காரியிடம் உபதேசம் கேட்க வந்திருக்கிறாரே மனுஷன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அதையெல்லாம் நினைக்கிற நிலைமையில் இல்லை. வந்ததும் வராததுமாகத் தோள்பையைத் திறந்து காகிதங்களை அம்மா முன்னால் பரப்பினார்.

விஷயம் இதுதான். தை அமாவாசைக்கு ஆற்றில் நின்று எள்ளும் தண்ணீரும் விடும்போது அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பேர் சொல்ல வேண்டும். இவருக்குப் பூட்டன் பேர் தெரியாது. அப்பா சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டில் கேட்க ஆளில்லை. ஆயுசு பூராவும் ஊரார் வம்சத்தைப் பத்திரத்தில் எழுதின மனுஷனுக்குச் சொந்தப் பூட்டன் பேர் தெரியாது என்றால் பொறுக்குமா? நாலு வருஷம் அலைந்திருக்கிறார். ஜில்லா ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பழைய கர்ணம் வீட்டுப் பரண், ஒன்றையும் விடவில்லை.

கிடைத்தது. அங்கேதான் வம்பு. ஒரு ஆளைத் தேடினார், மூன்று பேர் கிடைத்தார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஊற்றினார்களே, அந்த ஏட்டில் இவருடைய பூட்டி வீராயி இருக்கிறாள். புருஷன் பேர் பெருமாள். மறு வருஷம் அரைக்காணி நிலத்தை விற்ற பத்திரத்தில் அதே வீராயி, புருஷன் பேர் நொண்டியன். அதற்கு அடுத்து, இவருடைய தாத்தா பிறந்ததைக் கர்ணம் எழுதி வைத்த ஏட்டில் புருஷன் பேர் சோலை. ஊர் அதே ஊர், தெரு அதே தெரு. மூன்றிலும் கையெழுத்துக்குப் பதிலாக வீராயி போட்ட கீறல் இருக்கிறது.

"நாலு வருஷத்துக்குள்ள மூணு புருஷன் அம்மா," என்றார். "இதுல நான் யார் வம்சம்?"

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போன இடத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் கேட்க இதைச் சொல்லியிருக்கிறார். நம்ம பூட்டி யோக்கியதை இப்படி, நம்மெல்லாம் யார் வீட்டுப் பிள்ளையோ என்று. பரிமாறிக்கொண்டிருந்த தங்கச்சி வாளியைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் இந்த வாசப்படி மிதிக்காதே அண்ணே என்று சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவருக்கு ஒரே தங்கச்சி. ஆனாலும் தான் சொன்னது தப்பென்று அவருக்குத் தோன்றவில்லை. ஏட்டில் இருப்பதைத்தானே சொன்னேன் என்றார்.

அம்மா காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது.

"நீங்க வேகமா எழுதுவீங்களா அய்யா?" என்று கேட்டார்.

ஒரு நாளைக்கு முப்பது பத்திரம் எழுதினவன் என்றார் அவர். அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டுக் கொண்டுவரச் சொன்னார். நாளையிலிருந்து கஞ்சி வாங்க வருகிறவர்கள் பேரை எழுத வேண்டும், பொம்பளை என்றால் புருஷன் பேரும் வேண்டும், தினம் புதுப் பக்கம், பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. இதுதான் உத்தரவு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த வழக்கம், ஒரு ஆபீசருக்காக உடைப்பதா? பசிக்கிறவனை நிற்க வைத்துப் பேர் எழுதுவது மடத்துக்கு அழகா என்று கேட்டேன்.

"மூணு நாளைக்கு, மாசிலாமணி," என்றார் அம்மா. "பேசாம ஊத்துங்க."

ஊற்றினேன். வேறென்ன செய்ய?

பூவலிங்கம் அய்யா வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார். நோட்டில் கோடு போட்டுக் கட்டம் பிரித்ததும் ஆளே மாறிவிட்டார். மூக்குக்கண்ணாடி, நிமிர்ந்த முதுகு, பேர் சொல்லு, அடுத்து. ஆபீசில் எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரிசையில் சடைச்சி வந்தாள். தூக்குச்சட்டியில் கஞ்சி வாங்கிப் போகிறவள். புருஷன் பேர் என்ன என்று கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எதிரே இருக்கிற குன்றைப் பார்த்து மோவாயை நீட்டினாள். குன்றின் மேல் முருகன் கோயில். அவர் முருகன் என்று எழுதிக்கொண்டு, அடுத்து என்றார்.

மறுநாளும் அதே கேள்வி. சடைச்சி திரும்பிப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். அவள், கட்டையன்னு எழுதுங்க சாமி, எங்க தெருவுல அப்படித்தான் கூப்பிடுவோம் என்றாள். கட்டையன் என்று எழுதினார்.

மூன்றாம் நாள் சடைச்சிதான் கடைசி, பின்னால் யாருமில்லை. நம்ம அழகரோட அப்பாதான் என்றாள், வெட்கத்தோடு. கட்டம் சின்னது. அழகர் என்று எழுதி நோட்டை மூடினார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவராகவே என்னிடம் அவளைப் பற்றி விசாரித்தார். தினமும் யாருக்கு வாங்கிப் போகிறாள் என்று. புருஷனுக்குத்தான் என்றேன். பனையிலிருந்து விழுந்து பன்னிரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறான், இவள்தான் தூக்கி உட்கார வைத்து ஊட்டுகிறாள். கல்யாணமாகி நாற்பது வருஷமாகிறது, இன்றைக்கு வரைக்கும் அவன் பேர் அவள் வாயில் வந்ததில்லை என்று சொன்னேன். அவர் உச்சுக்கொட்டினார். எவ்வளவு பெரிய மனுஷி என்றார்.

நாலாம் நாள் காலையில் அம்மா நோட்டைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"மாசிலாமணி, இந்தச் சடைச்சிக்கு இனிமே கஞ்சி ஊத்த வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூவலிங்கம் அய்யா எழுந்தே விட்டார்.

"ஏம்மா?"

"முதல் நாள் புருஷன் முருகன். மறுநாள் கட்டையன். நேத்து அழகர். இப்படிப்பட்டவளை மடத்து வாசல்ல நிக்க வைக்கலாமா?"

"அம்மா, பாவம் அம்மா, அப்படிச் சொல்லாதீங்க," என்றார். கண் கலங்கிவிட்டது. "அது உத்தமி. மூணும் ஒரே ஆளுதான். அந்தம்மா புருஷன் பேரைச் சொல்லாது. கை காட்டுச்சு, பக்கத்துல நின்னவ ஏதோ சொன்னா, நான் எழுதிட்டேன். கட்டத்தைக் காலியா விட மனசு வரல. தப்பு என்னுது அம்மா, எழுதினவன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பார்வை தோள்பைப் பக்கம் போனது.

நான் ஒன்றும் புரியாமல் அம்மாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார். பையிலிருந்து அந்த மூன்று காகிதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடியில் இருந்த கீறல்களை விரலால் தடவினார். அறுபத்தேழு வயசு மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் விஷயம் விளங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அம்மா அவரை அழ விட்டார். என்னிடம், சடைச்சிக்கு வழக்கம்போல ஊற்றுங்கள் என்றார். நோட்டை அடுப்பில் போடச் சொன்னார். போட்டேன்.

வெகு நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் குழப்பம் தீரவில்லை. தீருமா? எழுத்தர் அல்லவா.

"அப்ப என் பூட்டன் நிஜப் பேர் என்ன அம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"மூணுல ஒண்ணாவது நிஜமா?"

"தெரியாது அய்யா."

"எந்த ஏட்டுலயும் கிடைக்காதா?"

"உங்க பூட்டி சொல்லியிருந்தாத்தானே கிடைக்கும்."

அவர் காகிதங்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வரிசை சேர ஆரம்பித்திருந்தது, சட்டிச் சத்தம் கேட்டது.

"நாளைக்கு அமாவாசை," என்றார். "அப்பா பேர் சொல்லிடுவேன், தாத்தா பேர் சொல்லிடுவேன். மூணாவது கை தண்ணியை யார் பேரைச் சொல்லி விடுவேன்?"

"தங்கச்சி வீட்டுப் பந்தியில யாரைத் தப்பாப் பேசினீங்க?"

அவர் விரல் வீராயி போட்ட கீறலின் மேல் போய் நின்றது.

"அவங்க பேரைச் சொல்லி விடுங்க," என்றார் அம்மா. "தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போங்க."