முதல் மரியாதை வாங்கிய ராஜா

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம். பேரு மகுடேந்திரன். நாட்டை ஆளுறதை விட்டுட்டு நாள் முழுக்கச் சீட்டாட்டம். வேலை வெட்டி இல்லாதவன் தலையில கிரீடத்தை வச்சா இப்படித்தான் ஆகும், வேற என்ன ஆகும்?

ஆட்டம் ரொம்பச் சுலபம். ஆளுக்கு முப்பது புளியங்கொட்டை. மந்திரி மூணு மூணு சீட்டுப் போடுவார். கூடவே ஆளுக்கு ஒரு கொட்டை நடுவுல வைக்கணும். சீட்டை ஒளிச்சுப் பார்த்துட்டு, ஒருத்தன் “இத்தனை கொட்டை வைக்கிறேன்”பான். எதிராளி துணிஞ்சா அவனும் அத்தனையோ அதுக்கு மேலயோ வைக்கலாம், பயந்தா “விட்டேன்”னு கவுத்துடலாம். ரெண்டு பேரும் துணிஞ்சா சீட்டைத் திருப்புவாங்க, ஒரே மாதிரி சீட்டு அதிகமா சேர்ந்தவனுக்கு நடுவுல இருக்கிற அத்தனையும். கொட்டை தீர்ந்தவன் தோத்தான். தோத்தவன் எதைப் பந்தயம் வச்சானோ அது போச்சு.

கரிசக்குளத்துக்காரங்க வச்சது எதை தெரியுமா? கண்மாய்த் தண்ணியை! வாரத்துல மூணு நாள் அவங்க ஊருக்கு மடை திறப்பாங்க. ஊர்ப் பணக்காரன் போய் ஆடி ஒரு நாளைத் தொலைச்சான். அப்புறம் ஊர்ப் பயில்வான் போய் இன்னொரு நாளைத் தொலைச்சான். மிச்சம் ஒரே ஒரு நாள். “நான் மீட்டுட்டு வரேன்”னு கிளம்பினான் உலகன். அவன் பெண்டாட்டி சடைச்சி கூழ்ப்பானையோட பின்னாலேயே போனா.

அரண்மனையில ராஜா என்ன உபசாரம்ங்கிறீங்க! “விருந்தாளி முதல்ல பேசட்டும். நான் எப்பவும் கடைசிதான்.” உலகன் உருகிப் போயிட்டான். “பார்த்தியா புள்ள, என்ன பணிவு!”

சடைச்சி தூண்கிட்ட நின்னு பார்த்தா. உலகனுக்கு நல்ல சீட்டு வந்துச்சு. பல்லெல்லாம் தெரிய “அஞ்சு!”ன்னான். ராஜா அவன் பல்லைப் பார்த்துட்டு “விட்டேன்”னுட்டான். அடுத்து மோசமான சீட்டு. உலகன் எச்சில் முழுங்கி “ஒண்ணு...”ன்னான். ராஜா “இருபது!”ன்னு ஒரே போடு. உலகன் சீட்டைக் கவுத்துட்டான். மறுபடி சிரிச்சான், ராஜா ஓடிட்டான். மறுபடி முழுங்கினான், ராஜா பாய்ஞ்சான். பொழுது சாயறதுக்குள்ள கடைசி நாள் தண்ணியும் போச்சு.

வழியெல்லாம் உலகன் தலையில அடிச்சுக்கிட்டான். “பணக்காரர் சொன்னது சரி, அவனுக்கு அதிர்ஷ்டம். பயில்வான் சொன்னதும் சரி, ஏதோ மந்திரம் வச்சிருக்கான்.”

“மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! சந்தையில கத்தரிக்காய்க்காரியை முதல்ல விலை சொல்ல வச்சுட்டுத்தானே நான் பேரம் பேசுறேன்? அதையேதான் அவனும் செய்யறான். நீங்க முதல்ல வாயைத் திறக்கிறீங்க, அவன் உங்க மூஞ்சியைப் படிச்சுட்டுப் பதில் சொல்றான். சீட்டுல என்னங்க இருக்கு? எல்லாம் அந்தக் கடைசிப் பேச்சுல இருக்கு!”

“அதை அவன் விட்டுக் குடுப்பானா?”

“குடுக்க வைக்கிறேன், பாருங்க.”

நெல்லு பால் பிடிக்கிற நேரம். இன்னும் பத்து நாள் தண்ணி இல்லேன்னா ஊருக்கே பதர்தான் மிச்சம். பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்திருந்த அன்னிக்கு, பட்டப்பகல்ல, சடைச்சி உலகனையும் கூட்டிக்கிட்டு சபைக்குள்ள போய் நின்னா.

“மகராசா, நான் ஆட வந்திருக்கேன். ஜெயிச்சா எங்க மூணு நாளும் வேணும். தோத்தா ஆயுசுக்கும் உங்க அரண்மனையில மாவாட்டுறேன்.”

சபையே சிரிச்சுது. ராஜா, “உட்காரம்மா. விருந்தாளி முதல்ல...”ன்னு ஆரம்பிச்சான்.

சடைச்சி உட்காரல. “மகராசா, கோயில்ல முதல் மாலை யாருக்கு?”

“எனக்கு.”

“முதல் விபூதி?”

“எனக்கு.”

“தேர்வடத்தை முதல்ல தொடுறது?”

“நான்தான்! அதுக்கு என்ன இப்போ?”

“அப்போ முதல் பேச்சு மட்டும் கூழ் காய்ச்சுறவளுக்கா? வேத்து ராஜா பார்த்துட்டு இருக்கார். இந்த நாட்டுல முதல் மரியாதை சடைச்சிக்கு, மிச்சம்தான் ராஜாவுக்குன்னு ஊருல போய்ச் சொல்ல மாட்டாரா? எனக்கே வெட்கமா இருக்குங்க!”

பக்கத்து ராஜா மீசைக்குள்ள சிரிச்சார். மகுடேந்திரனுக்குக் காது சிவந்து போச்சு. “யாருடா எனக்கு முன்னால பேசுறது? நான்தான் முதல்!”ன்னு கத்திட்டான். முட்டாளுக்கு மூக்குக்கு மேல கௌரவம்!

முதல் ஆட்டம். ராஜா இடி மாதிரி “பத்து!”ன்னான். சடைச்சி, “விட்டேன்.” ராஜா சீட்டை விரிச்சுப் போட்டான். “பாரு, ஒண்ணுமே இல்ல! சத்தத்துலயே ஜெயிச்சேன்!” ஓஹோன்னு மனசுல முடிச்சுப் போட்டுக்கிட்டா சடைச்சி.

ரெண்டாவது ஆட்டம். அவ கையில நல்ல சீட்டு. ஆனா ராஜா தேன் மாதிரி, “ரெண்டு போதும்மா”ன்னான். சடைச்சி, “விட்டேன்.” ராஜாவுக்கு வந்ததே கோபம்! தரையில வீசினான், மூணும் ராஜா சீட்டு. உலகனுக்கு வேர்த்துப் போச்சு. “ஏ புள்ள, ஒண்ணொண்ணா போயிட்டிருக்கே!”

“ஒண்ணொண்ணாத்தானே போகுது? சும்மா இருங்க.”

மூணாவது ஆட்டம். சடைச்சி கையில ரெண்டு ஏழும் ஒரு மூணும். அல்ப சீட்டு. ராஜா கிரீடம் ஆட, கூரை அதிர, “இதோட முடிவு! என் கொட்டை அத்தனையும், உன் கொட்டை அத்தனையும்! இருக்கியா, ஓடுறியா?”ன்னான்.

உலகன் கண்ணை மூடிக்கிட்டான். சடைச்சி மட்டும் கண்ணை நல்லாத் திறந்து ராஜாவையே பார்த்தா. சத்தம்! தேன் இல்ல, இடி!

“இருக்கேன் மகராசா!”

ராஜா தன் சீட்டைக் கையால மூடினான். மந்திரிதான் சீட்டைத் திருப்பினார். ஒரு ரெண்டு, ஒரு அஞ்சு, ஒரு ஒன்பது. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத குப்பை! சடைச்சி தன்னோட ரெண்டு ஏழையும் பக்கத்துல பக்கத்துல வச்சா. பக்கத்து ராஜா கைதட்டினாரு பாருங்க, அதுக்கப்புறம் சொன்ன வாக்கை மாத்த முடியுமா? அன்னிக்குச் சாயங்காலமே மடை திறந்துது. குதிச்சு ஓடுச்சு தண்ணி!

அதோட விட்டுதா? மறுநாள் விடிஞ்சா அரண்மனை வாசல்ல ஏழு ஊர்க்காரங்க வரிசை கட்டி நிக்கறாங்க, எல்லாரும் கண்மாயும் தோப்பும் தோத்தவங்க. ஒருத்தர் விடாம கும்பிட்டு, “மகராசா, ஆட வந்திருக்கோம், முதல் மரியாதை உங்களுக்குத்தான்!” சபையில சொன்ன சொல்லாச்சே, மாட்டேன்னு எப்படிச் சொல்றது? முதல்ல பேசிப் பேசியே ராஜா தோத்தான், அவன் ஏமாத்தி எடுத்த அத்தனையும் ஊர் ஊராத் திரும்பிப் போச்சு.

அதனால கண்ணுங்களா, அடுத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிட்டுக் கண்ணைத் திறந்து வைங்க. கரிசக்குளத்துல நெல்லு வீடு வந்து சேர்ந்துது, என் கதையும் வாசல் வந்து சேர்ந்துது. எழுந்து கையைக் காலைக் கழுவிட்டுப் போங்க!